தொலைந்த வரைபடமும் தொலையாத சொற்களும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றில் சில வியப்புகள்



பகாங் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பரந்திருக்கும் கேமரன் மலையை அறியாதார் நம்மில் இலர். குளிர்ந்த காற்று, தேயிலைச் சரிவுகள், காய்கறிப் பண்ணைகள் என்று புவியியல் பாடநூல்கள் அதனை மூன்று தொடர்களில் அடக்கிவிடும். ஆயினும் அம்மலையின் வரலாறு, கற்பனைக் கதைகளையும் விஞ்சும் திருப்பங்கள் நிறைந்தது. தன் பெயரை மலைக்குத் தந்தவர் வரைந்த படம் எவர் கைக்கும் எட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சையே அங்குத் தேயிலை வந்து சேர்வதற்குத் தொலைவிலிருந்து வழிவகுத்தது. அம்மலையில் பெயர்பெற்ற தேயிலை நிறுவனமோ, சீனத்து மலையொன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வியப்புகளை வரிசைப்படுத்திக் காட்டுவது இவ்வுரையின் முதல் நோக்கம். வரலாற்றுக்கு ஏடு ஒன்றே சான்று அன்று, உழைப்போர் நாவில் வழங்கும் சொல்லும் சான்றாகும் என்பதை நிறுவுவது இரண்டாம் நோக்கம். இரண்டாவதே இவ்வுரையின் உயிர்நிலை எனலாம்.

1. வரைபடம் இல்லாத கண்டுபிடிப்பு

1885ஆம் ஆண்டு, ஆங்கிலேய ஆட்சியின் நில அளவையாளராகிய வில்லியம் கேமரன், பேராக் – பகாங் எல்லைப் பகுதியை அளந்து படம் வரையப் புறப்பட்டார். சாலையற்ற அடர்காட்டில் யானைகளே வண்டிகள். குலோப் ரியாவ் என்னும் மலாய் வீரர் அவருடன் சென்றார். மலைகள் சூழ்ந்த நடுவே மென்மையான சரிவுகளைக் கொண்ட ஒரு மேட்டுநிலத்தைத் தாம் கண்டதாகக் கேமரன் அறிவித்தார். மறு ஆண்டே, அதாவது 1886இல், அவர் காலமானார். அம்மேட்டுநிலத்தின் இருப்பிடத்தை ஐயமறக் காட்டும் வரைபடம் எதுவும் அவரிடமிருந்து கிடைக்கவில்லை.

இங்கே ஒரு முரணைக் காண்க. படம் வரைவதையே தொழிலாகக் கொண்டவர் கண்ட நிலம் படத்தில் ஏறவில்லை. ஆனால் அவர் பெயர் உலகப் படங்களில் எல்லாம் ஏறிவிட்டது. அவருடன் நடந்த குலோப் ரியாவின் பெயரை வரலாற்று ஆர்வலர் சிலரே அறிவர். அவ்விருவருக்கும் நெடுங்காலம் முன்பே அம்மலைகளில் வாழ்ந்து, ஒவ்வோர் ஓடையையும் முகட்டையும் தம் மொழியில் பெயரிட்டு அழைத்துவந்த செமாய் முதலான பழங்குடி மக்களுக்கு, அந்நிலத்தை எவரும் கண்டுபிடித்துத் தர வேண்டிய தேவையே இருந்ததில்லை.

கேமரனின் செய்திக்குப் பின்னர் நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1925இல், மலாய்க் கூட்டரசின் தலைமைச் செயலாளராக இருந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலையேறிப் பார்வையிட்டார். இலங்கையின் நுவரெலியாவையும் பிலிப்பைன்ஸின் பாகியோவையும் ஒத்த மலைவாழிடம் ஒன்றை இங்கு அமைக்க இயலுமா என்பதே அவர் ஆய்ந்த வினா. இயலும் என்னும் முடிவு பிறந்தது. தானா ராத்தாவில் வேளாண் ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. தாப்பாவிலிருந்து மலைக்குச் செல்லும் வளைவு மிகுந்த சாலை 1930களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. ‘தானா ராத்தா’ என்னும் மலாய்த் தொடருக்குச் ‘சமநிலம்’ என்பது பொருள். ஏறி இறங்கிக் களைத்த கால்கள் இட்ட பெயராகவே அது தோன்றுகிறது.

2. பூஞ்சை எழுதிய வரலாறு

மலைவாழிடம் அமைக்க முனைந்தோர் நுவரெலியாவை நினைத்தது தற்செயல் அன்று. அன்றைய மலாயாவில் தேயிலை என்றதும் நினைவுக்கு வந்த நாடு இலங்கையே. ஆனால் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கை தேயிலை நாடு அன்று, காப்பி நாடு.

1869இல் இலங்கையின் காப்பிச் செடிகளின் இலைகளில் துருப்போன்ற செம்மஞ்சள் புள்ளிகள் காணப்பட்டன. அது ஒரு பூஞ்சை நோய். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அத்தீவின் காப்பித் தொழில் ஏறக்குறைய அழிந்துபோயிற்று. நல்வாய்ப்பாக, நோய் தோன்றுவதற்கு ஈராண்டுகள் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை வணிக முறையில் பயிரிட்டிருந்தார். காப்பியை இழந்த தோட்டங்கள் அவ்வழியைப் பின்பற்றின. தமிழகத்திலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த தொழிலாளர் குடும்பங்களே தேயிலையின் நுட்பங்களையும் கற்றுக்கொண்டன. காப்பிப் பழம் பருவத்திற்கு வருவது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுதும் தளிர்ப்பது. ஆகவே பருவத்திற்கு வந்து திரும்பியவர்கள் அங்கேயே தங்க நேர்ந்தது. ஒரு செடியின் இயல்பு ஒரு மக்களின் வாழிடத்தை மாற்றியமைத்தது என்க.

அந்த இலங்கை அனுபவமே பின்னர் கேமரன் மலைக்கு வந்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலைப் பயிரில் தேர்ந்த மில்ன் என்னும் தோட்டக்காரரைத் துணையாகக் கொண்டு, ‘போ’ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1883இல் பிறந்த ரஸ்ஸல், இளமை முதல் கோலாலம்பூரில் வளர்ந்தவர். மலாயும் சீனமும் சரளமாகப் பேசியவர். பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் முதலான தொழில்களில் ஈடுபட்டவர். காட்டை அழித்துச் சரிவுகளைச் செப்பனிடக் கோவேறு கழுதைகளும் ஒரு நீராவி உருளையும் மனிதக் கைகளுமே அன்று இருந்த கருவிகள். தோட்டம் வளர்ந்து பயன்தருவதை ரஸ்ஸல் நெடுநாள் காணவில்லை. 1933இல், ஐம்பது வயதளவில், மலேரியாக் காய்ச்சலால் அவர் மறைந்தார்.

3. சீன மலையின் பெயர், தமிழ் இலையின் வேர்

‘போ’ என்னும் பெயரைத் தமிழ்ச் செவி கேட்டவுடன் ஒரு புன்முறுவல் தோன்றுவது இயல்பு. தோட்டத்தின் பெயரே நம்மைப் ‘போ’ என்கிறதே! ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரித்து ‘மேட்டுநிலத்தின் சிறந்தது’ என்று பொருளுரைப்போரும் உளர். நிறுவனத்தார் கூறும் விளக்கம் வேறு. சீனத்தின் பூஜியான் மாநிலத்தில் உள்ள வூயி மலை, தேயிலைக்குப் பழம்பெருமை வாய்ந்தது. அம்மாநிலத்தின் தென்பகுதி மக்கள் பேசும் ஹொக்கியன் மொழியில் அதன் பெயர் ‘பூயி’ என ஒலிக்கும். ஐரோப்பிய வணிகர் அதனைப் ‘போகி’ எனத் திரித்து வழங்கினர். ‘போ’ என்பது அப்பெயரின் சுருக்கமே.

இந்தப் ‘போகி’ தேயிலை உலக வரலாற்றில் ஓர் இடம் பெற்றது. 1773ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்கக் குடியேற்ற மக்கள் ஆங்கிலேயரின் வரிக்கொள்கையை எதிர்த்துத் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தனர். எறியப்பட்ட தேயிலையுள் மிகப் பெரும்பகுதி போகி வகையே. ஒரு குடியரசின் தோற்றத்தோடு பிணைந்துவிட்ட அப்பெயர், சுருங்கி, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர்ப் பகாங் மலையில் ஒரு தோட்டத்தின் பெயராக அமர்ந்தது.

இனி நம் மொழிக்கு வருவோம். உலக மொழிகள் பலவற்றில் இப்பானத்தின் பெயர் இரண்டு கிளைகளுள் ஒன்றைச் சார்ந்திருக்கும். ஒன்று ‘சா’ கிளை. மற்றொன்று ‘தே’ கிளை. சீனத்தின் பெரும்பகுதியில் ‘சா’ என வழங்கிய சொல், நிலவழியாகப் பாரசீகம், உருசியம், இந்தி முதலிய மொழிகளுக்குச் சென்று ‘சாய்’ என நிலைத்தது. மக்காவில் வணிகம் நடத்திய போர்த்துக்கீசியரும் ‘சா’ என்றே கொண்டனர். பூஜியான் கடற்கரையின் ஹொக்கியன் மக்களோ ‘தே’ என்றனர். டச்சு வணிகர் வழியாக அது ஐரோப்பாவெங்கும் பரவிற்று. ஆங்கிலத்தின் ‘டீ’யும் மலாயின் ‘தே’யும் அக்கிளையைச் சார்ந்தவை.

தமிழ் எக்கிளையைச் சார்ந்தது? ‘தேயிலை’ என்பதைப் பிரித்துப் பார்த்தால் விடை தெரியும். ‘தே’ என்பது ஹொக்கியன். ‘இலை’ என்பது தமிழ். யகர உடம்படுமெய் இரண்டையும் பசைபோல் ஒட்டிவைத்துள்ளது. உயிரீற்றுச் சொல்முன் உயிர்முதற்சொல் வந்து புணரும்போது உடம்படுமெய் தோன்றும் என்று நாம் வகுப்பறையில் கற்பிக்கும் விதி, சீனச் சொல்லொன்றையும் எத்தகைய தடையுமின்றித் தமிழாக்கிக்கொண்டது. ‘தேநீர்’, இலங்கைத் தமிழரின் ‘தேத்தண்ணி’ ஆகியவையும் இவ்வாறே அமைந்தவை. ஹொக்கியன் மக்களின் சொல்லை நாவில் ஏந்திய தமிழ்ப் பெண், வூயி மலையின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில், அதே செடியின் கொழுந்தைக் கிள்ளினாள். சொல்லும் செடியும் வெவ்வேறு வழிகளில் புறப்பட்டு, ஒரே சரிவில் வந்து சந்தித்தன.

நம் காலைக் குவளையை இக்கண்கொண்டு ஒருமுறை நோக்கினால் போதும். ‘தே’ ஹொக்கியன் தந்தது. ‘சீனி’ சீன நாட்டின் பெயரால் அமைந்தது. ‘கோப்பை’ போர்த்துக்கீசியம். ‘பால்’ மட்டுமே பழந்தமிழ். நான்கு சொற்களில் ஓர் இந்தியப் பெருங்கடல் வணிக வரலாறு அடங்கியிருக்கிறது.

4. இறங்குவோர் நடுவே ஏறியோர்

போ தோட்டம் தொடங்கிய 1929, உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய ஆண்டுமாகும். அடுத்த ஆண்டுகளில் ரப்பர் விலை வீழ்ந்தது. சமவெளித் தோட்டங்களில் வேலையிழந்த தமிழர் பல்லாயிரவர் கப்பலேற்றித் தாயகத்திற்கு அனுப்பப்பட்டனர். பினாங்குத் துறையில் ஒரு கூட்டம் நாடு நீங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், கேமரன் மலையில் புதிதாகக் காடு வெட்டித் தேயிலை நடப்பட்டது. ஒரே நாட்டின் வரலாற்றில் ஒரே ஆண்டு இரு திசைகளில் நடக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அத்தோட்டங்களுக்கு ஆள் வந்த முறையிலும் காலம் கவனிக்கத்தக்கது. மலாயாவில் இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தத்தால் கட்டிவைக்கும் முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன் இடத்தில் கங்காணி முறை வேரூன்றியிருந்தது. தோட்டத்தில் பணிபுரிந்த ஒருவரே தம் சொந்த ஊருக்குச் சென்று, உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்துவருவார். தாம் கொணர்ந்த ஆள்களின் எண்ணிக்கைக்கேற்பப் பணமும் பெறுவார். உறவும் ஊதியமும் கடனும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த முறை அது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளரை அனுப்புவதைத் தடைசெய்தது. அதனோடு கங்காணியின் ஆள்சேர்ப்பும் முடிந்தது. ஆகவே கேமரன் மலைத் தேயிலை, கங்காணிக் காலத்தின் கடைசிப் பத்தாண்டில் பிறந்த குழந்தை என்று கொள்ளலாம்.

5. தோட்டத்தில் விளைந்த சொற்கள்

மலாயாத் தோட்டத்தைப் பற்றி நிறுவனங்கள் எழுதிவைத்த கணக்குகளில் ஏக்கர், எடை, விலை ஆகியன உண்டு. அங்கு வாழ்ந்தோர் தம் வாழ்வை எழுதிவைத்த ஏடுகள் அரியவை. ஆனால் அவர்கள் பேசிய சொற்கள் உள்ளன. அவற்றுள் சிலவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

‘கங்காணி’ என்பது ‘கண்காணி’ என்பதன் திரிபு. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் அலுவல்களை மேற்பார்த்தோரைச் சுட்டிய சொல் அது. கோயில் முற்றத்திலிருந்து ரப்பர்க் காட்டுக்கும் தேயிலைச் சரிவுக்கும் வருவதற்குள் அதன் மதிப்பு எவ்வளவு மாறிவிட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

‘சஞ்சிக்கூலி’ என்பது பழைய ஒப்பந்தத் தொழிலாளரைக் குறித்தது. ‘ஜன்ஜி’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு ‘வாக்குறுதி’ என்பது பொருள். தப்பிச் செல்ல இயலாதபடி ஆளைக் கட்டிய ஒப்பந்தத்திற்கு ‘வாக்குறுதி’ என்று பெயர்! வாக்குக் கொடுத்தவர் யார், அதனைக் காத்தவர் யார் என்னும் கேள்விகளை அச்சொல் இன்றும் எழுப்பிக்கொண்டே இருக்கிறது.

‘தண்டல்’ என்பது தமிழில் வரி திரட்டுதலையும், கடலோரத்தில் படகோட்டிகளின் தலைவரையும் குறித்தது. மலாயாத் தோட்டத்திலோ அது வேலையாள்களை மேய்க்கும் பொறுப்பாளரின் பெயராயிற்று. படகிலிருந்து இறங்கிய சொல் மலையேறியது. ‘மண்டோர்’ என்பது கட்டளையிடுவோரைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து மலாய் வழியாக வந்தது. தோட்டத்து எழுத்தரான ‘கிராணி’யோ, ‘கரணம்’ என்னும் வடசொல்லின் வழித்தோன்றல். தமிழக ஊர்களில் கணக்கு எழுதிய ‘கர்ணம்’ அச்சொல்லுக்கு உடன்பிறப்பு. குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ‘ஆயாக் கொட்டகை’யின் ‘ஆயா’வும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவளே.

பொழுது புலருமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் நிகழ்ச்சிக்குப் ‘பெரட்டு’ என்று பெயர். படை அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம் அது. தமிழகத்திலும் இலங்கையிலும் தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டி மட்டப்படுத்துவதைக் ‘கவாத்து’ என்பர். படைப்பயிற்சிக்கும் தமிழில் அதே சொல் வழங்குகிறது. தோட்டத்தை ஆண்டோர் அதனை ஒரு பாசறைபோல் நடத்தினர் என்பதை வரலாற்றாசிரியர் பல பக்கங்களில் விளக்குவர். ‘பெரட்டு’ என்னும் ஒரு சொல் அதனைச் சொல்லி முடித்துவிடுகிறது.

வரிசை வீடுகளுக்கு ‘லயம்’ என்று பெயர் வந்ததும் அவ்வாறே. ஆங்கிலத்தில் வரிசையைக் குறிக்கும் சொல் தமிழர் நாவில் ‘லயன்’ என்றும் ‘லயம்’ என்றும் ஆயிற்று. இசையில் தாளத்தின் ஒழுங்கைக் குறிக்கும் அழகிய சொல்லும் ‘லயம்’ என்பதே. ஒடுங்கிய அறைகளுக்கு அப்பெயர் அமைந்ததை எள்ளல் என்பதா, ஆறுதல் என்பதா என்று துணிவது எளிதன்று.

இத்தனை அயற்சொற்களின் நடுவே ஒரு சொல் தூய தமிழாகவே நின்றது. அது ‘கொழுந்து’. அதிகாரத்தின் பெயர்களுள் பல, பிற நாடுகளிலிருந்து வந்தன. கையும் செடியும் தொடும் இடத்தின் பெயரோ தமிழாகவே இருந்தது. பறிப்போர் இரண்டு இலையும் ஒரு குருத்தும் கொண்ட நுனியைக் கிள்ளினர். அதனை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்துப் பதப்படுத்தி, உலர்த்தித் தரம்பிரித்தால் தேயிலைத் தூள் கிடைக்கும். ஒரு கிலோகிராம் தூளுக்கு ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் பச்சைக்கொழுந்து வேண்டும். அத்தனை கிள்ளல்களையும் தாங்கிய விரல்கள் அச்சொல்லை வேறு மொழிக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

கொண்டது மட்டுமன்றிக் கொடுத்ததும் உண்டு. மலாய் மொழியில் கப்பலைக் ‘காப்பால்’ என்றும், கடையைக் ‘கெடாய்’ என்றும், கட்டிலைக் ‘காத்தில்’ என்றும், பெட்டியைப் ‘பெத்தி’ என்றும் வழங்குவர். தோட்டங்கள் தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே தமிழ் வணிகர் இக்கரையில் இறங்கினர் என்பதற்கு அவை உயிருள்ள கல்வெட்டுகள்.

6. தேடப்பட்டவரும் தேடப்படாதவரும்

கேமரன் மலையின் புதிர்களுள் உலகறிந்தது ஒன்று உண்டு. தாய்லாந்துப் பட்டுத்தொழிலுக்குப் புத்துயிர் அளித்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், தானா ராத்தாவுக்கு அருகில் ‘மூன்லைட்’ என்னும் மலைமாளிகையில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது, பிற்பகலில் நடந்து வெளியே சென்றார்; திரும்பவேயில்லை. காவல்துறையினரும் படைவீரரும் பழங்குடி வழிகாட்டிகளும் காட்டைச் சல்லடையிட்டுத் தேடினர். ஒரு தடயமும் கிட்டவில்லை. அம்மறைவைப் பற்றிய நூல்களும் ஊகங்களும் இன்றுவரை வந்துகொண்டே இருக்கின்றன.

காணாமற்போன ஒரு மனிதரைத் தேடுவது மனித இயல்பு. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அதற்கு ஒரு தலைமுறைக்கு முன், 1942–43இல், ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். நோயாலும் பசியாலும் அடியாலும் பெருந்தொகையினர் அங்கே மடிந்தனர். அதே பாதையில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர்க்கு அத்தகைய கல் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு எஞ்சியது ‘சயாம் மரண ரயில்’ என்று மலேசியத் தமிழர் வழங்கும் தொடர். மூன்று சொற்கள் ஒரு நடுகல்லின் வேலையைச் செய்கின்றன.

7. மாணவர்க்கு ஒரு பணி

இன்று கேமரன் மலைச் சரிவுகளில் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளரே பெரிதும் உழைக்கின்றனர். கைக்கிள்ளலின் இடத்தைக் கத்தரிக்கோலும் அறுவடைப் பொறியும் பெரிதும் கைப்பற்றிவிட்டன. தமிழ்க் குடும்பங்கள் பல, நகரங்களுக்கும் பிற தொழில்களுக்கும் சென்றுவிட்டன. இம்மாற்றத்தில் வருந்துவதற்கு இடமில்லை. லயத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்பதே அத்தலைமுறைகள் கண்ட கனவு. ஆனால் வேலை மறையும்போது வேலையின் சொல்லும் மறைகிறது. பெரட்டு இல்லாத இடத்தில் ‘பெரட்டு’ என்னும் சொல்லுக்கு வேலை இல்லை. அதனை வாழ்ந்து அறிந்தவர்கள் முதுமையில் இருக்கின்றனர்.

தேயிலைத் தோட்டங்களின் பெயர்களையே தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அம்மலையில் இன்றும் இயங்குகின்றன. நாடெங்கும் தோட்டப் பெயர் கொண்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்குப் பயிலும் மாணவரின் பாட்டன் பாட்டியரே இவ்வரலாற்றின் ஏடுகள். ஆகவே ஆசிரியர்களிடம் ஓர் எளிய வேண்டுகோளை வைக்கிறேன். ஒவ்வொரு மாணவரும் முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, பத்துத் தோட்டச் சொற்களைக் கேட்டு எழுதிவரட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு குறிப்புகள் போதும்: அச்சொல்லை அவர் ஒலிக்கும் முறை, எந்த வேலையில் அல்லது எந்தப் பொருளுக்கு வழங்கியது, எந்தத் தோட்டத்தில், ஏறத்தாழ எந்த ஆண்டுகளில் கேட்டது, அச்சொல் வரும் ஒரு வாக்கியம், அவர் வாய்மொழியிலேயே.

திருத்தக் கூடாது என்பதையும் மாணவர்க்குச் சொல்ல வேண்டும். ‘பெரட்டு’ என்று பாட்டி சொன்னால் ‘அணிவகுப்பு’ என்று மாற்றி எழுதுதல் ஆகாது. ‘தொரை’ என்றால் ‘துரை’ எனச் செப்பம் செய்தலும் ஆகாது. செந்தமிழ் எழுதுவதற்கு வகுப்பில் வேறு நேரம் உண்டு. இங்கு நாம் சேகரிப்பது சான்று. சான்றைத் திருத்தினால் அது சான்றாகாது.

முப்பது மாணவர் கொண்ட ஒரு வகுப்பு முந்நூறு பதிவுகளைத் தரும். மீண்டும் மீண்டும் வரும் சொற்களைக் கழித்தாலும் ஒரு சிறு தொகுப்பு அமையும். அதனைப் பள்ளி நூலகத்தில் வைத்து, ஆண்டுதோறும் அடுத்த வகுப்பு அதில் சேர்த்துவருமாயின், பத்தாண்டில் ஒரு தோட்டத்தின் அகராதி உருவாகும். வில்லியம் கேமரன் விட்டுச்சென்ற மேட்டுநிலத்தை மேக்ஸ்வெல் நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஏறிக் காண முடிந்தது; மலை இடம் பெயராது. சொல்லுக்கு அத்தகைய பொறுமை இல்லை. எனவே இப்பணியை வரும் பள்ளி விடுமுறையிலேயே தொடங்குதல் நன்று.